இரவல் வாய்

"பாஷை தெரியாவிட்டால் குடியா முழுகிவிடும்? போய்ச் சேர்ந்தால் தானாக வந்துவிடும்!"

வெளிநாட்டு உத்தியோகம் என்று பேச்சு எழுந்தால், இந்த வாக்கியத்தைச் சொல்வதற்கென்றே ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் இருக்கிறார், கவனித்திருக்கிறீர்களா? அநேகமாக அவர் சொந்த ஜில்லாவைத் தாண்டி நாலு நாள் தங்கியிருக்க மாட்டார். ஆனாலும் என்ன தைரியம்! பாஷை என்பது மாமியார் வீட்டுச் சீர் மாதிரி, போன இடத்துக்குப் பின்னாலேயே வண்டி கட்டிக்கொண்டு வந்து சேர்ந்துவிடும் என்று அவருக்கு நினைப்பு.

அவரோடு சண்டைக்கு நிற்க நான் வரவில்லை. பாஷை வரத்தான் செய்கிறது. சிலருக்கு ஒரு வருஷத்தில் வருகிறது. சிலருக்கு மூன்று வருஷத்தில் வருகிறது. சிலருக்குக் கடைத்தெரு வரையில் வந்து அங்கேயே நின்றுவிடுகிறது. என் கவலை வேறு. அது வந்து சேரும் வரையில் உங்களுக்காகப் பேசப் போகிறவர் யார்? சம்பளம் கேட்கவும், லீவு கேட்கவும், "இங்கே வலிக்கிறது" என்று சொல்லவும் யாருடைய வாயை இரவல் வாங்கப் போகிறீர்கள்? இரவல் வாங்கினால் வாடகை எவ்வளவு?

இதற்குப் பதில் தேடி ஜெர்மனிக்கோ ஜப்பானுக்கோ போக வேண்டியதில்லை, சகோதரிகளே! கோடைக்கானல் போதும். நம் ஆசிரியர் என்னை அங்கே அனுப்பியது ஏரியையும் படகையும் பற்றி எழுதத்தான். ஏரி அழகாகத்தான் இருக்கிறது. அதைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது வேறு. அந்த ஊரே, பாஷை தெரியாத தேசத்துக்கு வேலைக்கு வந்தவர்கள் வீடு கட்டியதால் உண்டான ஊர் அல்லவா?

1834-இல் அமெரிக்க மிஷனரிகள் மதுரையில் தங்கள் வேலையைத் தொடங்கினார்கள். மதுரை வெயிலும் காய்ச்சலும் காலராவும் அவர்களை வாட்டி எடுத்தன. பிள்ளைகளைப் புதைத்த தாய்மார்கள் உண்டு. சிறுமலைக்கு ஏறிப் பார்த்தார்கள். காய்ச்சல் அங்கேயும் கூடவே ஏறி வந்தது. கடைசியில் பழனி மலையின் உச்சிக்குப் போய், 1845-இல் இரண்டு வீடுகள் கட்டிக்கொண்டார்கள். அதுதான் இன்றைய கோடைக்கானலுக்கு ஆரம்பம். மோட்டார் போகிற பாதை 1914-இல்தான் வந்தது. அதற்கு முன்னால் பெரியகுளம் பக்கமிருந்து குதிரையிலும் டோலியிலும் ஏறவேண்டும். டோலி தூக்கிய நம்மவர்களுக்கு இங்கிலீஷ் தெரியாது; டோலிக்குள் இருந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. பள்ளத்தாக்கின் ஓரத்தில் இருவரும் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தால் சிரிப்பாகவும் இருக்கிறது, வயிற்றைக் கலக்கவும் செய்கிறது.

அப்படி வந்த மிஷனரிகளுக்கு ஒரு பாக்கியம் இருந்தது. தமிழ் படிப்பதே அவர்களுக்கு முதல் உத்தியோகம்! முன்ஷி ஒருவர் எதிரே உட்கார்ந்து 'ழ'கரம் சொல்லிக் கொடுப்பார். ஒரு வருஷம், இரண்டு வருஷம் படிப்பார்கள், பரீட்சை எழுதுவார்கள், அதுவரையில் சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. தப்பும் தவறுமாகப் பேசினால் யாரும் வேலையை விட்டு நீக்கமாட்டார்கள். அவர்களில் பலர் நல்ல தமிழ் பேசினார்கள் என்றால், அவர்கள் உழைப்பு பாதி, அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் பாதி என்பேன்.

பாஷையே வேண்டாத உத்தியோகமும் அந்த மலையில் உண்டு. 1907-இல் இங்கே வந்த எவர்ஷெட் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, வானாராய்ச்சிக் கூடத்திலிருந்து சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்து, 1909-இல் சூரியப் புள்ளிகளில் ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்தார். சூரியனோடு பேசத் தமிழும் வேண்டாம், இங்கிலீஷும் வேண்டாம். குறிஞ்சி ஆண்டவர் கோவிலுக்குப் போகிறீர்களே, அதை 1936-இல் கட்டிய லீலாவதி அம்மையார் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர்; இலங்கைப் பிரமுகர் சர் பொன்னம்பலம் ராமநாதனிடம் காரியதரிசியாக வேலை பார்த்து, பிறகு அவருக்கே மனைவியானவர். எஜமானருக்கு இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு. ஆகவே அம்மையாருக்கு இரவல் வாய் தேவைப்பட்டிருக்காது.

நம்மைப் போன்றவர்களுக்குச் சூரியனோடு உத்தியோகம் வாய்க்கிறதா? எஜமானர்தான் நம் பாஷை பேசுகிறாரா? ஆகையால் மற்றவர்களிடம் போவோம்.

கடைத்தெருவை ஒட்டிய ஒரு சந்தில் ஒரு பாட்டியம்மாளைப் பார்த்தேன். எண்பது வயது இருக்கும். சின்ன வயதில் அடிவாரத்து கிராமத்திலிருந்து மேலே வந்து, ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தில் ஆயாவாக வேலைக்குச் சேர்ந்தவர். வெளிநாட்டுக்குப் போகவில்லை; வெளிநாடு அவரைத் தேடி மலைமேல் வந்துவிட்டது! வாசற்படிக்கு வெளியே தமிழ்நாடு, உள்ளே அமெரிக்கா. முன்ஷி கிடையாது, பரீட்சை கிடையாது, அவகாசமும் கிடையாது. சேர்ந்த அன்றே குழந்தை அழுதது.

"ஹாட் வாட்டர், கோல்ட் வாட்டர், பேபி ஸ்லீப்... இம்புட்டுத்தான் தாயி எனக்குத் தெரியும். மத்ததெல்லாம் பட்லர்தான் பேசுவாரு" என்றார் பாட்டி.

பட்லருடைய பெருமையை என்னவென்று சொல்வது! துரைசானிக்குக் கடைத்தெரு பேசத் தெரியாது. கடைக்காரருக்குத் துரைசானி பாஷை தெரியாது. ஆயாவுக்கு இரண்டு பக்கமும் பேச முடியாது. மூன்று பேருக்கும் ஒரே வாய் பட்லருடையது. கத்தரிக்காய் விலை அந்த வாய் வழியாக வரும்போது கொஞ்சம் வீங்கித்தான் வரும். அதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. வீட்டுக்கு வீடு நடந்த விஷயம்.

ஒரு நாள் பாட்டியின் தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று கீழேயிருந்து ஆள் வந்தது. இரண்டு நாள் லீவு வேண்டும் என்று துரைசானியிடம் சொல்லச் சொல்லிப் பட்லரைக் கெஞ்சியிருக்கிறார். பட்லர் முன்னால் நின்று என்னவோ நீளமாகப் பேசினார். துரைசானி முகம் வாடியது; பிறகு "வெரி வெல்" என்று சொல்லி, பணப்பெட்டியைத் திறந்து சம்பளத்தை எண்ண ஆரம்பித்துவிட்டாள். லீவு கேட்டால் எதற்குச் சம்பளக் கணக்கு? ஆயாவுக்குத் திக்கென்றது. பட்லர் பேச்சின் நடுவே 'மேரேஜ்' என்ற ஒரு சொல் காதில் விழுந்திருந்தது. அது மட்டும் அவருக்குத் தெரிந்த சொல்! கலியாணம் நிச்சயமாகிவிட்டது, வேலையை விட்டுப் போகிறாள் என்று அல்லவா சொல்லியிருக்கிறான்! அந்த இடத்துக்குத் தன் மச்சினியைக் கொண்டுவர அந்த மனிதர் எண்ணியிருந்தது பிற்பாடு தெரிந்ததாம்.

"நான் பட்லரத் தள்ளிட்டு முன்னால போயிட்டேன். 'நோ மேரேஜ்! மதர் சிக். டூ டேஸ் கோ. தேர்ட் டே கம்'னு ஒரே மூச்சில சொல்லிப்புட்டேன். ஒடம்பெல்லாம் வெடவெடன்னு ஆடுது."

துரைசானி எண்ணிய பணத்தைப் பெட்டியில் திரும்ப வைத்துவிட்டு, வழிச் செலவுக்கென்று தனியாகக் கொஞ்சம் கொடுத்தாளாம். மூன்றாம் நாள் ஆயா திரும்பி வந்தார். அந்த வீட்டில் அப்புறம் பல வருஷம் இருந்தார். பட்லர் இங்கிலீஷ் என்று நாம் கேலி செய்கிறோமே, அந்தப் பத்துச் சொற்களை எந்தக் கல்லூரி இங்கிலீஷோடும் நிறுத்துப் பார்க்க நான் தயார்!

ஏரிக்கரைப் பக்கம் ஸ்வெட்டர் விற்கும் திபேத்தியப் பெண்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1959-இல் தலாய் லாமா திபேத்திலிருந்து இந்தியாவுக்கு வந்தபோது, அவர் பின்னால் பல்லாயிரம் பேர் பனிமலை தாண்டி வந்தார்கள். முதலில் அவர்களுக்குக் கிடைத்தது வடக்கே மலைப் பாதை போடும் கூலி வேலை. பிறகு மைசூர் ராஜ்யத்தில் பைலகுப்பே முதலிய இடங்களில் நிலம் கொடுத்துக் குடியேற்றினார்கள். பயிர் வேலை இல்லாத மாதங்களில் ஸ்வெட்டர் மூட்டையோடு ஊர் ஊராகப் போவது அவர்கள் கண்டுபிடித்த தொழில். கையால் பின்னியது என்று நாம் தடவித் தடவிப் பார்ப்பதில் முக்கால்வாசி லூதியானா ஆலைகளிலிருந்து வருவது. அதனால் குளிர் குறைந்துவிடப் போவதில்லை. மற்ற ஊர்களில் குளிர்காலத்தோடு கடை கட்டிவிடலாம். கோடைக்கானலில் அந்தக் கவலை இல்லை.

நான் ஒரு கடையில் என் தமக்கைக்கு நீல நிறத்தில் ஒன்று பேரம் பேசினேன். கடைக்காரப் பெண்மணிக்கு ஐம்பது வயதுக்குள் இருக்கும். "அக்கா, வாங்க. இது கம்பளி, இது மிக்ஸ். கடைசி விலை சொல்லட்டா?" என்று நம் ஊர்க் கடைக்காரர்களைப் போலவே விலையில் விட்டுப் பிடித்தாள். நான் தோற்றேன். தோற்ற பிறகு சிநேகிதமாகிவிட்டோம்.

கலியாணமாகி இந்த மலைக்கு வந்த புதிதில் அவளுக்கு ஒரு தமிழ்ச் சொல் தெரியாதாம். மாமியார் விரலை மடக்கி விலை சொல்வதைப் பார்த்தே தொழில் பழகினாளாம். திபேத்திய பாஷையிலும் நம்மைப் போல வினைச்சொல் கடைசியில்தான் வரும். "நான் சோறு சாப்பிட்டேன்" என்று நாம் அடுக்குகிற வரிசைதான் அவர்களுக்கும். அந்த மட்டில் நம் பாஷை அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கலாம். ஒரு வருஷத்துக்குள் கடைத் தமிழ் வந்துவிட்டது.

"நம்பர் எல்லாம் தெரியும் அக்கா. கலர் தெரியும், சைஸ் தெரியும். உடம்பு தெரியாது" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. அவளே சொன்னாள். பத்து வருஷத்துக்கு முன்னால் அவளுக்குப் பெண்களுக்கு வருகிற ஒரு கோளாறு. கீழே ஓர் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வந்தது. 'எத்தனை நாளாக?', 'எப்படிப்பட்ட வலி?' என்ற கேள்விகளுக்குக் கடைத் தமிழில் இடமில்லை. ஒன்பது வயது மகன் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவன். அவனை அழைத்துப் போனாள். அவள் திபேத்திய பாஷையில் சொன்னாள். பையன் கேட்டான்; காது சிவந்தது; தரையைப் பார்த்தான். பிறகு டாக்டரிடம், "அம்மாவுக்கு வயிற்று வலி" என்றான்.

அவ்வளவுதான். டாக்டர் வயிற்று வலிக்கு மருந்து கொடுத்தார். சொன்னதற்குக் கொடுத்தார்; அவரைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? பையனைத்தான் என்ன சொல்ல முடியும்? எட்டு மாதம் அந்த மருந்தைச் சாப்பிட்டாள். பிறகு பைலகுப்பேயிலிருந்து வந்த நாத்தனார் அவளைத் தங்கள் பாஷை பேசும் மருத்துவரிடம் அழைத்துப் போய் அறுவை சிகிச்சை செய்தார்கள். எட்டு மாதம் தாமதித்ததற்கு அவள் கொடுத்த விலை என்னவென்று என்னிடம் சொன்னாள். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. மகன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். அவனுக்கு இன்றுவரை இது தெரியாது.

பட்லர் வேண்டுமென்று மாற்றிச் சொன்னான். குழந்தை வெட்கத்தால் குறைத்துச் சொன்னான். ஒருவன் கெட்டவன், ஒருவன் கண்ணான பிள்ளை. இரவல் வாய் என்று வந்துவிட்டால் இரண்டும் நஷ்டத்தில்தான் போய் முடிந்தது பாருங்கள்.

இதே நஷ்டத்தை லட்சக் கணக்கில் பெருக்கினால் இலங்கைத் தேயிலைத் தோட்டம். நம் தெற்கத்தி ஜில்லாக்களிலிருந்து கண்டிச் சீமைக்குப் போன குடும்பங்களுக்கும் துரைக்கும் நடுவே கங்காணி நின்றான். ஆள் கூட்டிப் போனதும் அவன், முன்பணம் கொடுத்ததும் அவன், துரையிடம் கணக்குச் சொன்னதும் அவன். வேலைக்கு நின்ற ஒவ்வொரு தலைக்கும் அவனுக்குத் தலைக்காசு உண்டு. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால், ஆளின் கடன் இவ்வளவு என்று எழுதிய 'துண்டு' ஒன்று கூடவே போகும். புதிய தோட்டம் அந்தக் கடனைத் தீர்த்தால்தான் விடுதலை. தன் பெயரில் எவ்வளவு எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாதவன் தலையில் அந்தத் துண்டு எத்தனை கனத்திருக்கும்! 1921-இல்தான் அதைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

1964 அக்டோபரில் சாஸ்திரியும் ஸ்ரீமாவோவும் செய்த ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாயிற்று. திரும்பி வந்தவர்களில் ஒரு பகுதியினர் இந்தப் பழனி மலைக்கும் வந்து, தோல் பதனிடுவதற்காக வாட்டில் மரத்தில் பட்டை உரிக்கும் வேலையில் சேர்ந்தார்கள். சொந்த பாஷை பேசும் நாடுதான். ஆனாலும் கந்தோர்க் காகிதமும் காண்டிராக்டர் கணக்கும் பேசிய பாஷை வேறாயிருந்தது. முன்பணம் வாங்கிக் கொத்தடிமையாகச் சிக்கியவர்கள் அவர்களில் உண்டு. கங்காணி கடலைத் தாண்டி வரவில்லை; ஆனால் அவன் வேலைக்கு இங்கே ஆள் இருந்தது.

"அதெல்லாம் அந்தக் காலம். இப்போது கைபேசியே எல்லாப் பாஷையும் பேசுகிறதே!" என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. என் தமக்கையும் அதைத்தான் சொன்னாள். அவள் இருப்பது மலைக்குக் கீழே வத்தலக்குண்டில். கோடைக்கானலிலிருந்து இறங்கும்போது நீல ஸ்வெட்டரோடு அவள் வீட்டில் இறங்கினேன். அங்கே ஜெர்மனிப் பேச்சு அமர்க்களப்பட்டுக்கொண்டிருந்தது.

அவள் பெண் நர்ஸிங் படித்து, மதுரையில் இரண்டு வருஷம் வேலையும் பார்த்தவள். ஜெர்மனியில் வயோதிகர்கள் அதிகம், நர்ஸுகள் குறைவு. அதனால் வெளிநாட்டு நர்ஸுகளுக்கு அங்கே கிராக்கி. முழு நர்ஸாகப் பதிவு செய்துகொள்ள, பொதுவாக 'பி2' என்ற படிவரைக்கும் ஜெர்மன் பாஷை தேறியிருக்கவேண்டும். நம் படிப்பையும் அங்கே சரிபார்த்து அங்கீகரிக்கவேண்டும். அதுவரையில் உதவியாளர் வேலைதான், உதவியாளர் சம்பளம்தான். ஓர் ஏஜெண்டு இதை எப்படிச் சொல்லியிருந்தார் தெரியுமா? "முதலில் போய்ச் சேரட்டும். பாஷையை அங்கே பார்த்துக்கொள்ளலாம்."

"கைபேசி இருக்கே, அது பேசாதா?" என்றாள் தமக்கை.

பெண்ணே பதில் சொன்னாள். அவள் அதற்குள் நான்கு மாதம் வகுப்புக்குப் போயிருந்தாள். "ஏம்மா, ராத்திரி ரெண்டு மணிக்குப் பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு தாத்தா முனகுவார். அதைக் கைபேசியா கேட்டுச் சொல்லும்? அங்கே ஐம்பத்து மூன்று என்பதை 'மூன்றும் ஐம்பதும்' என்று சொல்கிறார்கள். நான் முப்பத்தைந்து என்று எழுதிவிட்டால்?"

பிறகு பேச்சு வேடிக்கையாகத் திரும்பியது. ஜெர்மன் பாஷையில் மேஜை ஆண்பால், விளக்குப் பெண்பால். சரி, போகட்டும். பெண்பிள்ளை என்ற சொல் மட்டும் ஆணுமில்லை, பெண்ணுமில்லை. நம் கணக்கில் சொன்னால் அஃறிணை! "நான் அங்கே போனால் அஃறிணை, சித்தி!" என்று சிரித்தாள். தமக்கைக்கு அதில் சிரிக்க ஒன்றும் அகப்படவில்லை.

ஏஜெண்டு கொடுத்திருந்த ஒப்பந்தத்தை எடுத்து வந்தாள். பாதிப் பக்கங்கள் ஜெர்மனில். ஓர் இடத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தாள். அகராதியை வைத்துக்கொண்டு அவளே கண்டுபிடித்த சொல். திருப்பிச் செலுத்துதல் என்று அர்த்தம். மூன்று வருஷத்துக்குள் வேலையை விட்டால் பயணச் செலவு, படிப்புச் செலவு எல்லாவற்றையும் கட்டவேண்டும். எவ்வளவு என்று எழுதவேண்டிய இடம் காலியாக இருந்தது. எனக்கு அந்தத் துண்டின் நினைவு வந்தது.

மறு நாள் அவள் ஏஜெண்டிடம் கேட்டாள். "அதை அங்கே போனதும் நிரப்பிக்கொள்வார்கள்" என்றார் அவர். "அப்படியானால் கையெழுத்தையும் அங்கே போனதும் போட்டுக்கொள்கிறேன்" என்று சொல்லி எழுந்து வந்துவிட்டாள். நம் தமிழ்நாட்டு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978-இலிருந்து இருக்கிறது. நர்ஸுகளுக்கு ஜெர்மன் கற்பித்து அனுப்பும் திட்டங்களும் நடத்தியிருக்கிறது. இப்போது அந்த வழியாக முயற்சி செய்கிறாள். பி2 பரீட்சைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.

அதுவரையில் வத்தலக்குண்டு வீட்டில் சாமான்களெல்லாம் கழுத்தில் சீட்டுக் கட்டிக்கொண்டு நிற்கின்றன. மேஜைக்கு நீலச் சீட்டு, விளக்குக்குச் சிவப்பு. தமக்கை காப்பி ஆற்றிக்கொண்டே பார்த்துப் பார்த்துப் பாதியை மனப்பாடம் செய்துவிட்டாள். அம்மிக்கல்லுக்கு மட்டும் அகராதியில் ஒன்றும் அகப்படவில்லையாம்; அது சீட்டில்லாமல் மூலையில் கிடக்கிறது.